தையல் லைனில் ஒரு தலையாட்டல்: பல மாநிலத்தவர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யார் யாரைப் புரிந்துகொள்வது?

நொய்யல்கரை | ஜூன் 15, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் ஒரு கம்பெனியில் 14 ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் லைனில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இன்று அதே லைனின் 32 மெஷின்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு ஷிப்மென்ட் கூட நேரத்துக்குப் போகாது என்பது முதலாளி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த வாரம் நடந்ததைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளில் நாங்கள் இவர்களோடு பேசவே கற்றுக்கொள்ளவில்லையோ என்று தோன்றிவிட்டது.

குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிளைப் பக்கத் தையலில் வைத்து ஓவர்லாக் மெஷினில் சேர்த்துத் தைக்க வேண்டும். முந்தைய ஆர்டருக்குக் கீழ் மடிப்பிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வைத்தோம், இந்த ஆர்டரை வாங்கும் பையர் 7 செ.மீ. கேட்டிருக்கிறார். லேபிள் வைக்கும் பெண்ணுக்கு 19 வயது, ஒடிசாவைச் சேர்ந்தவள். லைன் சூப்பர்வைசர் அக்கா அவளிடம் போய் மாற்றத்தைச் சொன்னார், அவள் "ஹாங்" (ஆமாம்) என்று தலையாட்டினாள், அவர் நகர்ந்துவிட்டார். செக்கிங் மேஜையில் நாங்கள் கண்டுபிடித்தபோது 640 பீஸ்கள் பழைய உயரத்திலேயே தைக்கப்பட்டிருந்தன. பிரித்துத் தைத்தால் மெல்லிய துணியில் ஊசித் துளை தெரியும் என்பதால், ஆல்ட்டர் செய்வதும் எளிதாக இல்லை.

சூப்பர்வைசர் லைன் நடுவில் நின்று அவளைத் திட்டினார். இது ஜூன் 13 மாலை. அன்றே மெமோவும் கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை அவளும், அதே விடுதியில் தங்கியிருக்கும் ஆறு பெண்களும் வேலைக்கு வரவில்லை, இன்றும் வரவில்லை. "ஒருத்தியைச் சொன்னால் ஏழு பேருக்கும் கோபம் வருகிறது, இவர்கள் வழக்கமே அப்படித்தான்" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்களுக்குப் 'பண்பாட்டு நுண்ணறிவு' என்ற தலைப்பில் இரண்டு மணி நேரப் பயிற்சி ஒன்று நடந்தது. ஜப்பானியர்களுக்கு முகவரி அட்டையை இரண்டு கைகளாலும் நீட்ட வேண்டும் என்று அதில் கற்றுக்கொண்டேன். இதுவரை எங்கள் லைனுக்கு ஜப்பானியர் எவரும் வந்ததில்லை. தலையாட்டிவிட்டுத் தவறாகச் செய்வது மொழிச் சிக்கலா, பழக்கச் சிக்கலா, அல்லது கவனமின்மைதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்பட்டறை | ஜூன் 15, இரவு 11.05

நொய்யல்கரை அவர்களுக்கு, நான் மறுபக்கத்தில் இருந்தவன். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே தலையாட்டியவன் நான்.

எங்கள் ஃபோர்மேன் வயதான சீனர். முதல் ஆண்டில் ஒருநாள் மூன்று டன் செயின் பிளாக்கை, அதாவது பாரம் தூக்கும் சங்கிலிக் கருவியை, எடுத்து வரச் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு 'செயின் பிளாக்' என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. கடைசியில் "கேன்?" என்றார், 'முடியுமா?' என்று பொருள். "கேன்" என்றேன். ஒரு டன் செயின் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மாட்டுவதற்கு முன் இன்னொருவர் பார்த்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புரியவில்லை என்று நான் ஏன் சொல்லவில்லை என்பதை அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். ஊரில் பெரியவர் ஒருவர் வேலை சொன்னால் 'முடியாது', 'விளங்கவில்லை' என்பதெல்லாம் எதிர்த்துப் பேசுவதாகவே எனக்குப் பழகியிருந்தது. போதாக்குறைக்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தலைமேல் இருந்தது. வேலை தெரியாதவன் என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாய் தானாகவே "கேன்" என்றது.

அந்த ஃபோர்மேன் அதற்குப் பிறகு என்னிடம் மட்டுமல்ல, வங்காளதேசத்துப் பையன்களிடமும் "புரிந்ததா?" என்று கேட்பதையே விட்டுவிட்டார். வேலையைச் சொல்லி முடித்ததும் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். நாங்கள் உடைந்த ஆங்கிலத்திலோ கைகளாலோ திருப்பிச் சொல்ல வேண்டும். பரீட்சை வைக்கிறாரே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக, தவறாகச் சொன்னால் அவர் சிரித்துவிட்டு மறுபடி சொல்வார் என்பது தெரிந்ததும் எரிச்சல் போய்விட்டது.

நீங்கள் குறிப்பிட்ட 'பண்பாட்டு நுண்ணறிவு' என்ற கருத்தாக்கத்துக்கே சிங்கப்பூரில் ஒரு வேர் உண்டு. கிறிஸ்டோபர் எர்லி என்பவரும், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூன் ஆங் அவர்களும் 2003-இல் இதை விரிவாக முன்வைத்தார்கள். இதில் நான்கு கூறுகள் உண்டு என்பார்கள்: வேற்று வழக்கத்தாரோடு பழக வேண்டும் என்ற விருப்பம், அவர்களுடைய வழக்கங்களைப் பற்றிய அறிவு, பழகும்போதே 'நான் நினைப்பது சரிதானா' என்று தன் எண்ணத்தைத் தானே சோதித்துக்கொள்வது, அதற்கேற்பப் பேச்சையும் செய்கையையும் மாற்றிக்கொள்வது. உங்களுக்கு நடந்த பயிற்சி இரண்டாவதோடு நின்றுவிட்டது. அட்டையை எப்படி நீட்டுவது, எந்தப் பண்டிகை எப்போது வரும் என்பதைப் பட்டியல் போட்டு விற்பது எளிது. என் ஃபோர்மேனுக்குத் தஞ்சாவூர் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. ஆனால் நான் "கேன்" என்றதைத் தன் காதுக்குக் கேட்ட பொருளிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஒரே தவறில் கற்றுக்கொண்டார். மூன்றாவது கூறு அதுதான்.

பழைய கான்ட்ராக்டர் | ஜூன் 16, காலை 7.20

அம்மணி, 22 ஆண்டுகள் ஆள் எடுத்துவிட்ட அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கூலியைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில் பண்பாட்டைப் பற்றிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

'வடநாட்டுப் பிள்ளைகள் சொல்லாமல் ஓடிவிடுவார்கள்' என்று எல்லா முதலாளிகளும் சொல்வார்கள். ஏன் சொல்லாமல் ஓடுகிறார்கள்? சொன்னால் பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நானே அப்படிப் பிடித்து வைத்திருக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வேலைக்கு வர வழிச்செலவும், ஊரைவிட்டு வந்ததற்கு ஒரு படியும் கொடுக்க வேண்டும் என்று 1979-இலேயே மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதை வாங்கிய ஒரு பையனையாவது காட்டுங்கள், பார்க்கலாம்.

சத் பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வருவது. பீகார்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நோம்பி கிடையாது. வீட்டுப் பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றரை நாள் விரதம் இருந்து, ஆற்றில் நின்று மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் படைப்பார்கள். கம்பெனிகளோ தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் மெஷினை ஓட்டத் தொடங்கிவிடும். அதுகூடப் போகட்டும். விடுமுறைத் தேதியையே பத்து நாள் முன்புதான் அறிவிப்பார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்து முடிந்திருக்கும். ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகும் வண்டி திருப்பூரில் வந்து நிற்கும்போது பொதுப்பெட்டி வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் இரண்டு நாளுக்கு மேல் எப்படிப் போகிறார்கள் என்று. அவ்வளவு பாடுபட்டு ஊர் போனவன் நாலாம் நாள் திரும்பி வருவானா? அதைப் 'பொறுப்பில்லாத பண்பாடு' என்றால் எப்படி?

2023 மார்ச்சில், இங்கே வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். பீகாரிலிருந்து அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூர் வந்து விசாரித்துப் போனது. அந்த வாரம் என்னிடம் இருந்த அறைகள் பல காலியாயின. மார்ச் 8 ஹோலி. யார் ஹோலிக்குப் போனார்கள், யார் பயந்து போனார்கள் என்று முதலாளி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சம்பள நாள் தவிர வேறு நாளில் நான் அவர்களோடு உட்கார்ந்து பேசியதே இல்லை.

கொங்குமணி | ஜூன் 16, காலை 8.02

எல்லாம் சரி. தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளட்டும். நாங்கள் ஏன் அவர்களுக்காக ஹிந்தி படிக்க வேண்டும்?

இரண்டாம் தலைமுறை | ஜூன் 16, பிற்பகல் 1.15

கொங்குமணி அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஒடியாக் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். தமிழ் கற்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே எழுத முடிகிறது. ஆனால் என் அப்பா இந்த ஊரில் முதல் மாதத்தில் கற்ற தமிழ்ச் சொற்கள் 'சீக்கிரம்', 'போ', 'டேய்', 'அட்வான்ஸ்' ஆகியவைதான். அட்வான்ஸ் தமிழ்ச் சொல் இல்லை என்பதே அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் கற்றுக்கொடுக்க ஆளையும் நேரத்தையும் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். 12 மணி நேரம் மெஷினில் இருப்பவன் எப்போது படிப்பான்?

ஹிந்தியைப் பொறுத்தவரை, அது அவர்களில் பலருக்கும் தாய்மொழி இல்லை என்பதை இங்கே யாரும் கவனிப்பதில்லை. எங்களையெல்லாம் 'ஹிந்திக்காரர்கள்' என்பார்கள். ஒடியா எழுத்து வேறு, ஹிந்தி எழுத்து வேறு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கத்துப் பெண்களில் பலருக்கு வீட்டில் பேசும் மொழி சந்தாலி. அதற்கு 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிகி என்ற தனி எழுத்தே உண்டு. அப்படி ஒரு பெண்ணுக்கு ஒடியா பள்ளியில் வந்த மொழி, ஹிந்தி மூன்றாவதாக வந்தது, தமிழ் நான்காவது. எங்கள் பகுதிக் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அறிவிப்பை ஹிந்தியில் அச்சிட்டு ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அதன் முன்னால் நின்று படம் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர். எங்கள் மாவட்டத்து ஆண்களில் பலரைப் போல முதலில் சூரத் விசைத்தறிக்குப் போய், அங்கே ஹிந்தி கற்று, பிறகு இங்கே வந்தவர். ஆரம்பத்தில் அவர் தைத்த பீஸைக் கட்டிங் மாஸ்டர் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "பரவாயில்லை" என்றாராம். அவர் சொன்னதன் பொருள் 'ஏதோ தேறும், இன்னும் நன்றாகத் தைக்கலாம்' என்பது. அப்பா காதில் விழுந்ததோ ஹிந்தியின் 'பர்வா நஹீ', அதாவது 'கவலை இல்லை'. இரண்டிலும் இருப்பது ஒரே 'பர்வா' தான் என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மகிழ்ச்சியோடு அதே மாதிரி நாள் முழுக்கத் தைத்தார். மாலையில் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன், தெரிந்த சொல்லாகப் போய்விட்டதே என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

உறவுமுறையிலும் இப்படி உண்டு. அக்காவை நாங்கள் 'அபா' என்போம்; சிலர் 'நானி' என்பார்கள். ஒரு பெண் மரியாதையாக "அபா" என்று கூப்பிட்டால் இங்கே லைனே சிரிக்கிறது, "யாருக்கு யார் அப்பா?" என்று. டிவி பார்த்துக் கொஞ்சம் ஹிந்தி கற்ற அக்காவை "நானி" என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. ஹிந்தியில் அது அம்மாவைப் பெற்ற பாட்டி. சிரிப்பைக் கேட்ட பெண் அடுத்த முறை எப்படிக் கூப்பிடுவாள்? கூப்பிடவே மாட்டாள். கூப்பிடாதவள் கேள்வியும் கேட்க மாட்டாள்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது மெஷின் ஓடும் இடத்தில் கத்தினால்தான் கேட்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மொழி புரியாதவருக்குச் சொல் காதில் ஏறாது. முகமும் கையும்தான் தெரியும். நமக்கு அது 'சத்தமாகச் சொன்னது', அவளுக்கு அது 'திட்டியது'. மெஷினை நிறுத்திவிட்டு உண்மையிலேயே திட்டும்போது, அவளுக்கு அது எவ்வளவாகத் தெரிந்திருக்கும்?

இவ்வளவும் எழுதிய பிறகுதான் உங்கள் பதிவில் தேதியைப் பார்த்தேன். ஜூன் 14 முதல் ஏழு பெண்களும் வரவில்லை என்கிறீர்கள். ஏழு பேரும் ஒடிசாக்காரர்களா? ஆம் என்றால், அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று நினைக்கிறேன். ஜூன் நடுவில் எங்களுக்கு மூன்று நாள் ரஜ பண்டிகை. எழுத்தில் 'ரஜ', பேச்சில் 'ரொஜொ'. பூமித்தாய் மாதவிலக்காகி ஓய்வெடுக்கும் நாட்கள் என்பது நம்பிக்கை. ஏர் பூட்ட மாட்டார்கள், மண்ணைத் தோண்ட மாட்டார்கள். பெண்பிள்ளைகள் அந்த மூன்று நாளும் வீட்டு வேலைகூடச் செய்யாமல், புதுத்துணி உடுத்தி, போடா பிட்டா தின்று, ஊஞ்சல் ஆடுவார்கள். கொங்கு நாட்டில் ஆடி நோம்பிக்குத் தூரி கட்டுகிறீர்களே, அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். யாராவது முன்கூட்டி லீவு கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

நொய்யல்கரை | ஜூன் 18, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுத முடியாததற்கு மன்னிக்கவும். ஏழு பேரும் ஒடிசாக்காரர்கள்தான். 16-ஆம் தேதி மாலை சூப்பர்வைசர் அக்காவையும் அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். அவர் முதலில் வர மறுத்தார், "நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்?" என்றார். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்று சொன்ன பிறகு வந்தார்.

அறையில் எல்லோரும் காலில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சேலையைக் கட்டியிருந்தார்கள். அது ஊஞ்சல் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. ஒரு பெண் எங்களுக்கு உட்காரப் பாய் போட்டு, தட்டில் தேங்காய்ச் சில்லுகள் வைத்த கருப்புப் பணியாரம் போன்ற ஒன்றைக் கொடுத்தாள். சட்டியில் ஊறிக்கொண்டிருந்த சோற்றைக் காட்டி "பக்காளா" என்றாள். சூப்பர்வைசர் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய சோறுங்க" என்று அவராகவே பேச ஆரம்பித்தார். அங்கே புழுங்கல் அரிசிதானா, வெங்காயம் வைத்துக்கொள்வார்களா, மிளகாயா என்று கையாலேயே பத்து நிமிடம் பேச்சு நடந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்குள் வேலையைத் தவிர வேறு பேச்சு நான் கேட்டது அன்றுதான்.

அவர்களில் மூத்தவளுக்குத் தமிழ் ஓரளவு வரும். லீவு கேட்டீர்களா என்றேன். கேட்டோம் என்றாள். எப்போது என்றேன். ஒரு வாரம் முன்பு, இந்த அக்காவிடம்தான், "மூணு நாள், ரொஜொ" என்று சொன்னோம், அக்கா சரி என்றார் என்றாள்.

நான் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அன்றைக்கு பேக்கிங் அவசரம், ரோஜா என்று யாரோ ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று எண்ணித் தலையாட்டிவிட்டு நகர்ந்ததாகச் சொன்னார்.

பிறகு லேபிள் விஷயத்தை எடுத்தேன். கப்பல்பட்டறை அவர்கள் சொன்னது போல, "அக்கா அன்று என்ன சொன்னார்?" என்று லேபிள் வைக்கும் பெண்ணிடம் கேட்டேன். மூத்தவள் மொழிபெயர்த்தாள். லேபிளைக் காட்டி ஏதோ சொன்னார், 'ஏழு' என்ற சொல் மட்டும் விளங்கியது, ஏழு பண்டில் முடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், சந்தேகம் இருந்தது, ஆனால் மறுபடி கேட்கச் சங்கடமாக இருந்தது என்றாள். பண்டில் என்பது 20 பீஸ் கொண்ட கட்டு. ஏழையும் தைத்து முடித்து, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்து தைத்திருக்கிறாள்.

பழைய கான்ட்ராக்டர் ஐயா சொன்னதையும் நான் மறக்கவில்லை. சம்பளச் சீட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாளும் அனுமதியின்றி வராத நாட்களாகக் குறிக்கப்பட்டால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை ஏழு பேருக்கும் போய்விடும். அதை எங்கள் மனிதவளப் பிரிவில் பேசி லீவாக மாற்றியாயிற்று. இனி ஒவ்வொரு ஆர்டரிலும் லேபிள் வைத்த மாதிரி பீஸ் ஒன்றை மெஷின் விளக்குத் தண்டிலேயே கட்டித் தொங்கவிடுவது என்றும், முதல் பீஸைச் சூப்பர்வைசர் அளந்து பார்த்துக் கையெழுத்திடும் வரை இரண்டாவது பீஸைத் தைக்கக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறோம். இதற்கு மொழியே வேண்டாம். இத்தனை நாள் இதைச் செய்யாமல் இருந்தது எங்கள் பிரிவின் குறை, என் குறையும்தான்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஏழு பேரும் நேற்று வேலைக்கு வந்தார்கள். ஆனால் லேபிள் வைக்கும் பெண் வேறு லைனுக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

விடுதியிலிருந்து திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அக்கா நெடுநேரம் பேசவில்லை. அவிநாசி சாலை சிக்னலில் நின்றபோது, "அன்னிக்கு ரோஜான்னதும் எனக்கும் ஒண்ணும் புரியலைங்க. மறுக்கா கேக்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சு" என்றார். அவருக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது இன்னும் அவளுடைய கோப்பில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லித் திங்கட்கிழமை நாங்கள் இருவருமாக மேலாளரைப் பார்க்கப் போகிறோம்.